தையல் போட்ட எடத்தை தினமும் ஒருத்தர் பாருங்க

போன மாசம் ஒரு கேள்விக்கு பதில் சொல்றப்ப "சிசேரியன் தையலை பெத்தவளால குனிஞ்சு பாக்க முடியாது, வீட்டுல ஒருத்தர் தினமும் பாக்கணும்"னு ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன், அதுக்கு வந்த கடுதாசியும் வாட்ஸப் மெசேஜும் பாத்தா இந்த மாசம் பூரா இதையே பேசணும்னு தோணிடுச்சு. 2019-21 தேசிய குடும்பநல சர்வே கணக்குல தமிழ்நாட்டுல நூறு பிரசவத்துக்கு கிட்டத்தட்ட 45 சிசேரியன், நாடு முழுசுக்கும் எடுத்தா 21 சொச்சம்தான். அப்படின்னா நம்ம சொந்தத்துல, தெருவுல எத்தனை பேர் வயித்துல இந்த தையல் இருக்கும்னு பாருங்க, ஆனா அதை எப்படி பாத்துக்கணும்னு பேச்சு வந்தா எல்லாரும் கூச்சப்பட்டு பேச்சை மாத்திடுறோம். 31 வருஷம் பிரசவ வார்டுல ஸ்டாஃப் நர்ஸா டிரெஸ்ஸிங் பண்ணியிருக்கேன், அதுல பாத்ததைத்தான் இங்க சொல்றேன்.

சிஸ்டர், என் பொண்ணுக்கு சிசேரியன் ஆகி இன்னைக்கு 8வது நாள். நேத்துலேருந்து தையலோட ஒரு ஓரத்துல மஞ்சளா தண்ணி மாதிரி கசியுது, பாவாடை நனையுது. காய்ச்சல் இல்ல. சம்பந்தி வீட்டுல "கெட்ட நீர் வெளிய போகுது, நல்லதுதான்"னு சொல்றாங்க. ஆஸ்பத்திரிக்கு போனா தையலை பிரிச்சுடுவாங்களோன்னு பொண்ணு அழுவுறா. என்ன பண்றது?
— ஒரு அம்மா, திருவண்ணாமலை

அம்மா, உங்க மெசேஜ் பாத்த அன்னைக்கே "இன்னைக்கே கூட்டிட்டு போங்க"ன்னு பதில் போட்டுட்டேன், இங்க எழுதுறது இதே மாதிரி வீட்டுல உக்காந்து யோசிச்சிட்டு இருக்கிறவங்களுக்காக.

கெட்ட நீர், நல்ல நீர்னு எதுவும் கிடையாது. தையல்லேருந்து என்ன வருதுன்னு பாக்கணும். தெளிவா, லேசா மஞ்சளா, நாத்தம் இல்லாம கொஞ்சமா வந்தா அது பெரும்பாலும் தோலுக்கு அடியில இருக்கிற கொழுப்புல ஊறுன நீர். தானா வடிஞ்சு ஆறிடும், ஆனா அந்த நீர் உள்ளயே தேங்கி நின்னா கிருமி வளர அதுவே போதும், அதனால அதையும் காட்டத்தான் வேணும். ரெண்டாவது வகை, கலங்கலா, கெட்டியா, வெள்ளையாவோ பச்சையாவோ வர்றது, நாத்தம் இருக்கும், சுத்தி செவந்து தொட்டா சூடா இருக்கும், தோல் கல்லு மாதிரி இறுகி இருக்கும், அது சீழ். பெரும்பாலும் நாலஞ்சு நாளைக்கு மேலதான் தலை காட்டும், அதாவது டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பிறகு, நாங்க யாரும் பக்கத்துல இல்லாதப்ப. காய்ச்சல் இல்லைங்கிறதை நம்பாதீங்க, வலிக்குன்னு மூணு வேளையும் பாராசிட்டமால் போட்டுட்டு இருக்கிற பொண்ணுக்கு காய்ச்சல் எப்படி தெரியும், மாத்திரைதான் அதை அமுக்கி வச்சிருக்குமே.

மூணாவது வகையை நான் ஒரு கதையாவே சொல்லிடுறேன். வேலைக்கு சேர்ந்த புதுசு, ஒரு கிராமத்துப் பொண்ணு, ஆபரேஷன் ஆகி 6வது நாள், ராத்திரி ரெண்டு மணி இருக்கும், மெதுவா என்னை கூப்பிட்டு "சிஸ்டர், ஒண்ணுக்கு போயிட்டேன் போல, சேலை நனைஞ்சிடுச்சு, பெட்ஷீட் மாத்திக்கிறேன், திட்டாதீங்க"ன்னு சொன்னா. சாயங்காலம் நல்லா இருமிட்டு இருந்தா. சேலையை விலக்கி டார்ச் அடிச்சு பாக்குறேன், மூத்திரம் இல்ல, வெளிறின ரோஸ் கலர் தண்ணி, ரத்தத்தை அலசுன தண்ணி மாதிரி, டிரெஸ்ஸிங் ஊறி சொட்டுது. தோல் தையல் அப்படியே அழகா இருக்கு. உள்ள வயித்தை தாங்கிப் பிடிக்கிற கெட்டியான உறை இருக்குல்ல, அதோட தையல் விட்டுப்போச்சுன்னு அர்த்தம், கொஞ்சம் விட்டா குடல் வெளிய வந்துடும். நான் ஒரு காஸ் துணியை சலைன்ல நனைச்சு மேல மூடி, முட்டியை மடக்கி படுக்க வச்சுட்டு டாக்டரை எழுப்ப ஓடினேன். விடியறதுக்குள்ள தியேட்டர்ல திரும்ப தைச்சாங்க, பொழைச்சுக்கிட்டா. திட்டுவாங்கன்னு பயந்து அவ காலை வரைக்கும் சும்மா படுத்திருந்தா என்ன ஆயிருக்கும்னு இப்பவும் நெனைப்பேன். அதனால ரோஸ் கலர் தண்ணி திடீர்னு நிறைய வந்தா அது அவசரம், எதையும் உள்ள தள்ளாதீங்க, சாப்பிட எதுவும் கொடுக்காதீங்க, சுத்தமான ஈரத்துணி போட்டு மூடி 108-ஐ கூப்பிடுங்க.

தையலை பிரிப்பாங்களோங்கிற பயத்துக்கு வர்றேன். ஆமா, சீழ் இருந்தா ரெண்டு மூணு தையலை எடுத்து தொறந்து விடத்தான் செய்வாங்க, அதுதான் வைத்தியம், மூடி வச்ச சீழ் மாத்திரைக்கு மட்டும் அடங்காது, உள்பக்கமா போகப் பாக்கும். தொறந்து, கொஞ்சம் பஞ்சுல எடுத்து என்ன கிருமின்னு கல்ச்சருக்கு அனுப்பி, சலைன் விட்டு கழுவி, காஸ் வச்சு தினமும் டிரெஸ்ஸிங் பண்ணுவாங்க. முதல் நாள் பாத்தா நமக்கே மனசு கலங்கும், ஆனா நாலஞ்சு நாள் விட்டு பாருங்க, அடியில மாதுளம் முத்து உரிச்சு வச்ச மாதிரி செவப்பா பொடிப்பொடியா சதை வளர ஆரம்பிக்கும், அதைப் பாத்தாலே எங்களுக்கு நிம்மதியா இருக்கும், புண்ணு நம்ம பக்கம் திரும்பிடுச்சுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் சின்ன புண்ணா இருந்தா தானா மூடிக்கும், பெருசா இருந்தா திரும்ப தையல் போடுவாங்க. அந்த நாள்லயும் பிள்ளைக்கு தாராளமா பால் கொடுக்கலாம், பால் கொடுக்கிறேன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டா அதுக்கு ஏத்த ஆன்டிபயாடிக்கா பாத்து கொடுப்பாங்க.

இன்னொண்ணு, ஒரு மாசம் ரெண்டு மாசம் கழிச்சு, நல்லா ஆறின தழும்புல சின்னச் சின்ன கட்டி வந்து ஒடைஞ்சு ஒடைஞ்சு கசிஞ்சிட்டே இருந்தா, சாதாரண மாத்திரைக்கு கேக்கலைன்னா, அது காசநோய் கிருமியோட சொந்தக்கார கிருமியா இருக்கலாம், அதுக்கு தனி டெஸ்ட்டு, தனி மருந்து, மாசக்கணக்குல சாப்பிடணும். மெடிக்கல்ல நீங்களா ஆன்டிபயாடிக் மாத்தி மாத்தி வாங்கிப் போட்டுட்டு நாளை கடத்தாதீங்க.

அக்கா, எனக்கு உள்ள 7 லேயர் தையல் போட்டிருக்குன்னு சொன்னாங்க. வெளிய கரையிற தையல். பக்கத்து பெட்டுல இருந்த பொண்ணுக்கு ஸ்டேப்ளர் பின் மாதிரி போட்டிருந்தாங்க. எது நல்லது? கவர்மென்ட் ஆஸ்பத்திரில மட்டமான நூல் போடுவாங்கன்னு என் நாத்தனார் சொல்றா, மனசு கேக்கவே மாட்டேங்குது.
— ஒரு இளம் அம்மா, தஞ்சாவூர்

தங்கச்சி, முதல்ல நாத்தனார் பேச்சை எடுத்து ஓரமா வையி. 7 லேயர்னு சொல்றது குழந்தையை எடுக்க கடந்து போற அடுக்கு. தோல், கொழுப்பு, அந்த கெட்டியான உறை, சதை, வயித்து உள்சவ்வு, மூத்திரப்பை மேல மடிஞ்சு கிடக்கிற சவ்வு, கடைசியா கர்ப்பப்பை. இதுல எல்லாத்துக்கும் தையல் போடுறது இல்ல. நடுவுல இருக்கிற சதையை பெரும்பாலும் வெட்டவே மாட்டாங்க, திரைச்சீலையை ரெண்டு பக்கமும் ஒதுக்குற மாதிரி ஒதுக்குவாங்க, வேலை முடிஞ்சதும் அது தானா வந்து சேர்ந்துக்கும். உள்சவ்வையும் இப்ப பல டாக்டருங்க தைக்காம விட்டுடுறாங்க, சில நாள்ல தானா ஒட்டிக்குது.

கர்ப்பப்பையை ஒரு வரிசையா தைக்கிறதா ரெண்டு வரிசையா, பழைய கேட்கட் நூலா புது விக்ரில் நூலா, உள்சவ்வை தைக்கிறதா விடுறதான்னு இதெல்லாம் சேர்த்து கொரோனிஸ்னு ஒரு பெரிய ஆராய்ச்சி பண்ணாங்க, நம்ம இந்தியாவும் அதுல உண்டு, மொத்தம் 7 நாடு, கிட்டத்தட்ட 16 ஆயிரம் பொண்ணுங்க. 2013-ல முதல் ரிசல்ட்டு, மூணு வருஷம் கழிச்சு அந்தப் பொண்ணுங்களை திரும்ப பாத்து 2016-ல அடுத்த ரிசல்ட்டு, எந்த நூலு எத்தனை வரிசைங்கிறதுல பெருசா ஒரு வித்தியாசமும் வரல. அப்ப உன் நாத்தனார் சொன்ன நூல் விஷயத்துக்கு இதுவே பதில். கேட்கட் நூலு பூனை குடல் இல்லம்மா, ஆடு மாட்டு குடல்ல எடுக்கிறது, அதையும் நிறைய பேர் கேக்குறாங்க.

உண்மையா முக்கியமானது ரெண்டு. ஒண்ணு, அந்த கெட்டி உறைக்கு போடுற தையல், வயித்தோட பலமே அதுதான், அது சரியா சேரலைன்னா பின்னாடி குடலிறக்கம் வரும். இன்னொண்ணு, கொழுப்பு 2 சென்டிமீட்டருக்கு மேல தடிமனா இருந்தா அதையும் தனியா நாலு தையல் போட்டு சேர்த்துடணும், இல்லைன்னா அந்த இடைவெளியில நீர் கோத்துக்கிட்டு மேல தோல் பிரியும். தோலுக்கு பின்னா நூலான்னு கேட்டா, அமெரிக்காவுல 746 பேரை வச்சு பாத்து 2014-ல சொன்னாங்க, பின் போட்டவங்கள்ல 10.6 சதவீதம் பேருக்கு தையல் தொந்தரவு, நூல் போட்டவங்கள்ல 4.9 சதவீதம்தான். பெரும்பாலும் தையல் பிரிஞ்சதுதான் அந்த வித்தியாசம். ஆனா பின்னு சீக்கிரம் போட்டுடலாம், நிமிஷம் முக்கியமா இருக்கிற கேஸ்ல அதுக்கும் எடம் இருக்கு, அதனால பக்கத்து பெட்டு பொண்ணுக்கு தப்பா பண்ணிட்டாங்கன்னு நெனைக்காத.

கரையிற தையல்னா நாளைக்கே கரைஞ்சிடாது. விக்ரில் நூலு மூணு நாலு வாரம் வரைக்கும் பிடிச்சிட்டு இருக்கும், முழுசா கரைய ரெண்டு மாசத்துக்கு மேல ஆகும். மூணாவது வாரம் குளிக்கிறப்ப சின்னதா ஒரு நூல் முனை வெளிய எட்டிப் பாக்கும், பிடிச்சு இழுக்காத, ஓபில போயி காட்டு, கத்தரிச்சு விடுவாங்க. தோல் மேல பாக்க ஒரு வாரத்துல ஒட்டிக்கும், ஆனா அப்ப அதுக்கு இருக்கிற பலம் பழைய தோல்ல பத்துல ஒரு பங்குதான், மூணு மாசம் ஆனாத்தான் 70, 80 சதவீதம் வரும், பழையபடி நூறு எப்பவும் வராது. அதனாலதான் குடம் தூக்காத, கிரைண்டரை நகத்தாதன்னு ஆறு வாரத்துக்கு சொல்றோம். உன் பிள்ளையோட எடைதான் உன் அளவு.

இந்த நூல் விஷயத்துல எனக்கு ஒண்ணு சொல்லாம இருக்க முடியல. 1882 வரைக்கும் வயித்தை கிழிச்சு பிள்ளையை எடுத்துட்டு கர்ப்பப்பையை பெரும்பாலும் தைக்காமலே விட்டுட்டு இருந்தாங்க, அது தானா சுருங்கி மூடிக்கும்னு நம்பிக்கை. ரத்தம் போயே, கிருமி பிடிச்சே அந்த பொண்ணுங்க செத்தாங்க. 1876-ல இத்தாலியில போரோன்னு ஒரு டாக்டர் கர்ப்பப்பையையே எடுத்துட்டு தாயைக் காப்பாத்தினார், அதைத்தான் அப்ப பெரிய முன்னேற்றமா பாத்தாங்க. ஜெர்மனியில லைப்சிக் ஊர்ல மாக்ஸ் சாங்கர்னு முப்பது வயசு கூட ஆகாத ஒரு டாக்டர்தான் வெள்ளிக் கம்பியும் பட்டு நூலும் வச்சு கர்ப்பப்பையை கவனமா தைக்கலாம், தைக்கணும்னு எழுதினார். நீ இப்ப பிள்ளையை மடியில வச்சுட்டு எனக்கு மெசேஜ் போடுற, அதுக்குப் பின்னாடி அந்த தையல் இருக்கு.

மேடம், என் மனைவி அவங்க அம்மா வீட்டுல இருக்கா, சிசேரியன் ஆகி 12 நாள். ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர் தண்ணிதான் கொடுக்குறாங்க, தண்ணி குடிச்சா தையல் சீழ் வைக்கும்னு. பருப்பு, முட்டை, பழம் எதுவும் இல்ல, சுட்ட பூண்டும் ரசம் சோறும்தான். எழுந்து நடக்கவும் விடல. மோஷன் போக அழுவுறா, யூரின் போறப்ப எரியுதாம். நான் பேசினா "ஆம்பளைக்கு என்ன தெரியும்"ங்குறாங்க.
— ஒரு கணவர், ஓசூர்

தம்பி, நீங்க கேட்டது சரி. இந்தப் பக்கத்தை அப்படியே மாமியார்கிட்ட படிச்சு காட்டுங்க, நான் சொன்னேன்னு சொல்லுங்க.

அம்மா, நீங்க கெட்ட எண்ணத்துல செய்யல, உங்க அம்மா உங்களுக்கு செஞ்சதை நீங்க பொண்ணுக்கு செய்றீங்க. ஆனா தாய்ப்பால்ல 87, 88 சதவீதம் தண்ணி, பால் நல்லா ஊறிடுச்சுன்னா பிள்ளை ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் வரைக்கும் இழுத்துக்கும், ரெண்டு டம்ளர் குடிக்கிற பொண்ணு எங்கேருந்து கொடுப்பா, சொல்லுங்க. குடிக்கிற தண்ணிக்கும் தையலுக்கும் வழியே கிடையாது, தண்ணி குடலுக்கு போகுது, தையல் அதுக்கு வெளிய இருக்கு. தண்ணி கொறைஞ்சா மலம் இறுகும், முக்கி முக்கி போறப்ப அந்த அழுத்தம் பூரா தையல் மேலதான் வரும், ரத்தமும் கெட்டியாகி கால் ரத்தக்குழாயில கட்டிக்க வசதியா போகும். தாகம் எடுக்கிறப்பலாம் கொடுங்க, பால் கொடுக்க உக்கார்றப்ப பக்கத்துல ஒரு சொம்பு வைங்க, வெதுவெதுப்பா வேணும்னா அப்படியே கொடுங்க.

பருப்பு, முட்டை விஷயமும் அதேதான். கிழிஞ்ச சதை திரும்ப ஒட்டுறதுக்கு புரதம் வேணும், அதையே நிறுத்தி வச்சுட்டு ஏன் புண்ணு ஆறலைன்னு கேட்டா எப்படி. பாசிப்பருப்பு கடையல், முட்டை, மீன், சுறாப்புட்டு, முருங்கைக்கீரை, ஒரு நெல்லிக்காய் இல்ல கொய்யா. உங்க பூண்டையும் லேகியத்தையும் நான் நிறுத்தச் சொல்லல, அதோட இதையும் சேருங்க. ஆஸ்பத்திரில கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை பிரசவத்துக்கு அப்புறமும் 180 நாள், கால்சியத்தோட சேர்த்து ஒரே நேரத்துல போட வேணாம், காபி டீயோடயும் வேணாம்.

யூரின் எரிச்சல் தனி விஷயம் தம்பி, ஆபரேஷனுக்கு டியூப் போட்டிருப்பாங்க, அதுல கிருமி ஏறியிருக்கலாம், இன்னைக்கே யூரின் டெஸ்ட் குடுங்க. நடக்கவும் விடுங்க. ஆஸ்பத்திரிலயே முதல் நாளே எழுப்பி நடக்க விடுறோம், அது கொடுமை பண்றதுக்கு இல்ல, படுத்தே கிடந்தா கால்ல ரத்தம் கட்டும். எந்திரிக்கிறப்ப நேரா எழக்கூடாது, ஒருக்களிச்சு திரும்பி காலை கட்டிலுக்கு கீழ விட்டு கையை ஊணி எழணும், இருமல் தும்மல் வந்தா ஒரு தலையணையை வயித்து மேல அழுத்தி பிடிச்சுக்கணும். ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைக்கால் வலிச்சாலோ, திடீர்னு மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலிச்சாலோ ராத்திரியா பகலான்னு பாக்காதீங்க, உடனே 108. பேட் ஒரு மணி நேரத்துல ஒண்ணு முழுசா நனைஞ்சாலும், உதிரம் படுறது நாத்தம் அடிச்சாலும், 100.4 டிகிரிக்கு மேல காய்ச்சல் வந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரி.

இன்னொண்ணு உங்களுக்கே சொல்றேன், தையலை நீங்க பாருங்க. அவளுக்கு வயித்து மடிப்புக்கு கீழ இருக்கு, கண்ணுக்கு தெரியாது, அம்மாகிட்ட காட்ட கூச்சம், மாமியார்கிட்ட அதைவிட கூச்சம். நல்ல வெளிச்சத்துல படுக்க வச்சு மடிப்பை மெதுவா தூக்கி, கையை சோப்பு போட்டு கழுவிட்டு, ஒரு ஓரத்துலேருந்து இன்னொரு ஓரம் வரைக்கும் பாருங்க. நேத்துக்கும் இன்னைக்கும் வித்தியாசம் தெரியாதுன்னா அவ போன்ல தினமும் ஒரு போட்டோ எடுத்து வைங்க, டாக்டர்கிட்ட காட்ட உதவும், ஆறினதும் அழிச்சிடுங்க. தினம் இதைச் செஞ்ச புருஷன்மார்களை பாத்திருக்கேன், நாங்க கவனிக்கிறதுக்கு முன்னாடியே அவங்க வந்து சொல்லுவாங்க, "சிஸ்டர், இந்த எடத்துல மட்டும் நேத்தைவிட செவப்பா இருக்கு"ன்னு.

என் பேத்திக்கு பிள்ளை பொறந்து 20 நாள் ஆவுது. நொச்சி போட்ட வேது தண்ணி வயித்து மேல அடிச்சு ஊத்தினாத்தான் வயிறு உள்ள போவும். சூடு தெரியலைங்கிறா, அதனால நல்லா கொதிக்க வச்சே ஊத்துறேன். நல்லதுதானே?
— பேத்திக்காக ஒரு பாட்டி, விருத்தாசலம்

பாட்டி, சூடு தெரியலைன்னு அவ சொன்னா பாருங்க, அதுதான் ஆபத்து. அந்த எடத்துல போற சின்ன நரம்பு ஆபரேஷன்ல அறுபட்டிருக்கும், மாசக்கணக்குல, சிலருக்கு வருஷக்கணக்குல மரத்துப்போயிருக்கும். சுடுதுன்னு அவளுக்கு தெரியறதுக்குள்ள தோல் வெந்துடும், நான் கொப்புளத்தோட வந்த பொண்ணுங்களுக்கு டிரெஸ்ஸிங் பண்ணியிருக்கேன், தையல் ஆறியிருக்கும், அதுக்கு மேல தீக்காயம். உங்க முழங்கையை விட்டுப் பாருங்க, பிள்ளைக்கு ஊத்துற சூடுதான் அவ வயித்துக்கும். நொச்சி வாசனைக்கு முதுகுல, கால்ல ஊத்துங்க, சுகமா தூங்குவா. தண்ணி பட்டாலே தப்புன்னும் இல்ல, தையல் எடம் வறண்டிருந்தா தினமும் குளிக்கலாம், சோப்பு நுரை மேல வழிஞ்சு போனா போதும், தேய்க்க வேணாம், சுத்தமான துணியால ஒத்தி எடுத்து காய விடணும். மஞ்சப்பொடி, தேங்காண்ணெய், டால்கம் பவுடர் எதுவும் அது மேல வேணாம். வயித்தை சேலையால கட்டுறதுன்னா தையல் காஞ்சிருக்கிறப்ப, மூச்சு விட முடியற அளவுக்கு, வேர்த்தா அவுத்துடணும்.

எனக்கு ரெண்டாவது சிசேரியன் அடுத்த மாசம். 92 கிலோ இருக்கேன், கர்ப்பத்துல சுகரும் வந்திருக்கு. முதல் தடவை தையல் பிரிஞ்சு ஒரு மாசம் டிரெஸ்ஸிங்குக்கு அலைஞ்சேன், நெனைச்சாலே தூக்கம் வரல. திரும்ப அப்படி ஆகாம இருக்க நான் என்ன செய்யலாம்?
— பேர் வேண்டாம், கோவை

தங்கச்சி, முதல் தடவை பிரிஞ்சது உன் தப்பு இல்ல. எடை, சுகர், ரத்தசோகை, பனிக்கொடம் ஒடைஞ்சு ரொம்ப நேரம் வலியில கிடந்துட்டு அப்புறம் ஆபரேஷனுக்கு போறது, இதெல்லாம் சேர்ந்தா யாருக்கும் ஆகும். இந்த தடவை நாள் குறிச்சு போற, கையில ஒரு மாசம் இருக்கு, அதனால தைரியமா இரு.

எடையை இப்ப குறைக்கப் போகாத, சுகரை பிடி. வெறும் வயித்துல 95-க்குள்ள, சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துல 120-க்குள்ள, இன்சுலின் போடச் சொன்னா தயங்காம போட்டுக்கோ, சுகர் ஏறின ரத்தத்துல கிருமியை எதிர்க்கிற அணுக்கள் சரியா வேலை செய்யாது, தையல் பிரியறதுக்கு அதுவும் ஒரு காரணம். ஹீமோகுளோபின் பாரு, 11-க்கு கீழ இருந்தா இன்னைக்கே சொல்லு, மாத்திரைக்கு நேரம் போதாதுன்னா ஆரம்ப சுகாதார நிலையத்துலயே இரும்புச்சத்து ஊசி ஏத்துறாங்க.

வீட்டுல பிளேடு வச்சு ஷேவ் பண்ணிட்டு போகாத. நல்லது செய்றோம்னு நெனைச்சு நிறைய பேர் முந்தின நாள் ராத்திரி பண்றாங்க, கண்ணுக்கு தெரியாத கீறல் எல்லாம் விழுந்து கிருமி அங்க குடியிருந்துட்டு கத்தி வைக்கிறதுக்காக காத்திருக்கும். தேவைன்னா ஆஸ்பத்திரில கிளிப்பர் மிஷின் வச்சு வெட்டி விடட்டும். முந்தின ராத்திரியும் காலையிலயும் சோப்பு போட்டு குளி, வயித்து மடிப்பை நல்லா கழுவி தொடச்சு காய விடு, அங்க அரிப்பு, வேர்க்குரு, படை இருந்தா இப்பவே காட்டி ஆத்திடு.

டாக்டர்கிட்ட மூணு விஷயம் வாயைத் தொறந்து கேளு. கேக்குறதுல தப்பே இல்ல, நான் டூட்டில இருந்தப்ப கேட்ட பொண்ணுங்களை எனக்கு ரொம்ப பிடிக்கும். போன தடவை எனக்கு தையல் பிரிஞ்சிடுச்சு, எடையும் அதிகம், கொழுப்பு அடுக்கை தனியா தைப்பீங்களா? ஆன்டிபயாடிக் ஊசி கத்தி வைக்கிறதுக்கு முன்னாடியே போட்டுடுவீங்களா? தோலுக்கு பின்னா நூலா? ரெண்டாவது கேள்விதான் ரொம்ப முக்கியம். முன்னல்லாம் கொடியை வெட்டினதுக்கு அப்புறம்தான் அந்த ஊசி போடுவோம், பிள்ளைக்கு மருந்து போயிடும்னு பயம். பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல, தாய்க்குத்தான் கிருமி தொத்துறது குறையுதுன்னு தெரிஞ்சதும் மாத்திட்டாங்க, இப்ப கத்தி படுறதுக்கு ஒரு மணி நேரத்துக்குள்ள முன்கூட்டியே போடணுங்கிறதுதான் முறை. அந்த ஒரு டோஸ் மட்டுமே தையல் கிருமி தொத்துறதை பாதிக்கும் மேல குறைக்குது, பின்னாடி வீட்டுல சாப்பிடுற அஞ்சு நாள் மாத்திரையைவிட அதுக்குத்தான் பலம். தோலுக்கு குளோர்ஹெக்ஸிடின் கலந்த ஸ்பிரிட் அடிச்சு அது காயற வரைக்கும் நிக்கிறது, பிறப்புறுப்போட உள்பக்கம் பெட்டடின் வச்சு தொடைக்கிறது, இதெல்லாம் அவங்களே செய்வாங்க.

வீட்டுக்கு வந்த பிறகு உன் எதிரி வேர்வை. மடிப்புக்குள்ள தையல் இருக்கிறதால காத்தே படாது. ஒரு நாளைக்கு மூணு தடவை மல்லாந்து படுத்து, வயித்தை ஒரு கையால மேல தூக்கி பிடிச்சு, ஃபேனுக்கு கீழ பத்து நிமிஷம் காய விடு. மத்த நேரத்துல துவைச்சு வெயில்ல காயப்போட்ட பழைய வெள்ளை பருத்தி வேட்டித் துணியை பட்டையா மடிச்சு மடிப்புக்குள்ள வை, நனைஞ்சா மாத்து, ஒரு நாளைக்கு ஆறு துண்டு ஆனாலும் ஆகட்டும். ஜட்டி இடுப்புக்கு மேல ஏறுற பெரிய சைஸா போடு, எலாஸ்டிக் தையல் மேல உக்காரவே கூடாது. தையல் பிரிக்க கொஞ்சம் லேட்டா வரச் சொன்னா லேட்டாவே போ, எடை கூடுதலா இருக்கிறவங்களுக்கு அது வேணும்னுதான் சொல்றாங்க. வீட்டுல யாராவது தினமும் பாக்கணும், போன தடவை எத்தனையாவது நாள் கசிய ஆரம்பிச்சுதுன்னு ஞாபகம் இருந்தா அந்த நாளை ஒட்டி ரெண்டு தடவை பாக்கச் சொல்லு.

சிசேரியன் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. தழும்போட ஓரத்துல ஒரு கட்டி, மாசமாசம் பீரியட்ஸ் சமயத்துல மட்டும் வீங்கி வலிக்குது, முடிஞ்சதும் அடங்கிடுது. கேன்சரா இருக்குமோன்னு பயம்.
— ஒரு டீச்சர், நாகர்கோவில்

டீச்சர், பீரியட்ஸோட வந்து பீரியட்ஸோட போகுதுன்னு நீங்க கவனிச்சதே பாதி வைத்தியம். ஆபரேஷன் அப்ப கர்ப்பப்பையோட உள் சவ்வுல கொஞ்சம் தழும்புல ஒட்டிக்கிட்டு அங்கயே வளர்ந்து, மாசமாசம் அதுவும் வீங்கும். அரிதா வர்றதுதான், கிட்டத்தட்ட எப்பவுமே கேன்சர் இல்ல. ஒரு ஸ்கேன், தேவைன்னா ஊசி டெஸ்ட்டு, கடைசியில அந்த கட்டியை சுத்தமா எடுத்துட்டா பெரும்பாலும் தீர்ந்துடும். போறப்ப எந்தெந்த தேதி வலிச்சுதுன்னு மூணு மாசத்துக்கு காலண்டர்ல குறிச்சு எடுத்துட்டு போங்க, குடலிறக்கம்னோ தையல் கட்டின்னோ நெனைச்சு விட்டுடாம இருக்க அது உதவும்.

பிள்ளைக்கு 45 நாள் ஊசிக்கு நானே ஸ்கூட்டில கூட்டிட்டு போகலாமா? பி.எச்.சி. 3 கிலோமீட்டர்தான், ரோடு சுமார்.
— ஒரு வாசகி, அறந்தாங்கி

ரோடு சுமார்னா வேணாம்மா. சடன் பிரேக் போட்டு காலை ஊண்றப்ப வயித்துல சுருக்குன்னு இல்லாம இருந்தாத்தான் வண்டி எடுக்கலாம், அதுவும் பிள்ளையை மடியில வச்சுட்டு ஒரு கையால ஓட்டுறது எப்பவுமே கூடாது. அன்னைக்கு ஆட்டோல போங்க, கூட ஒருத்தர் வரட்டும். போன எடத்துல பிள்ளைக்கு ஊசி போட்டுட்டு அப்படியே திரும்பி வராதீங்க, உங்க தையலை காட்டுங்க, பிபி பாக்கச் சொல்லுங்க, கர்ப்பத்துல சுகர் இருந்திருந்தா வெறும் வயித்துல போயி குளுக்கோஸ் குடிச்சு பாக்குற டெஸ்ட்டையும் அன்னைக்கே முடிச்சிடுங்க. காப்பர்-டி பத்தியும் கேட்டுக்கோங்க, உள்தையல் நல்லா ஆற அடுத்த கர்ப்பத்துக்கு ரெண்டு வருஷமாவது இடைவெளி வேணும். கிராம சுகாதார செவிலியர் வழக்கமா புதன்கிழமை ஊசி போடுவாங்க, கூட்டம் சேரும், காலையில சீக்கிரம் போயிடுங்க.